பள்ளி எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு வாங்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கப் புறநகரங்களில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் சில வாரங்களாக ஒரே செய்திதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்தத் தெருப் பிள்ளை எந்த ஹைஸ்கூலுக்கு என்று பிரிக்கும் எல்லைகளை மாற்றப் பார்க்கிறார்களாம். நம் தெருப் பிள்ளைகளை 'அந்த ஸ்கூலுக்கு'த் தள்ளிவிடுவார்களாம். எல்லோரும் திரண்டு வந்து ஸ்கூல் போர்டு (ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி நிர்வாகக் குழு) மீட்டிங்கில் எதிர்ப்பைக் காட்ட வேண்டுமாம். அந்த ஸ்கூலையும் இதே போர்டுதான் நடத்துகிறது. ஆசிரியர்களுக்கு அதே சம்பளப் பட்டியல், பிள்ளைகளுக்கு அதே பாடத்திட்டம். காரில் போனால் சில நிமிடம் கூடும், அவ்வளவுதான். பிறகு எதற்கு இந்தப் பதற்றம் என்று கேட்டேன். 'ரேட்டிங்' என்றார் ஒருவர். 'ரீசேல் வேல்யூ' என்றார் இன்னொருவர். அவர் இன்னும் கொஞ்சம் நேர்மையானவர். 'அங்கே கூட்டம் வேற மாதிரி' என்று மூன்றாமவர் எழுதினார், எழுதிய வேகத்தில் அழித்தும்விட்டார்.

அழிப்பதற்குள் படித்தவர்களில் நானும் உண்டு. அதனால்தான் இந்த மடல்.

வீடு பார்க்கப் போனால் நாம் முதலில் கேட்பதே 'எந்த ஹைஸ்கூல்?' என்றுதான். கிழக்குப் பார்த்த வாசலா என்பதுகூட அதற்கப்புறம்தான். அதில் தப்பு சொல்ல மாட்டேன். படிப்புதான் நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. பிள்ளைகளுக்கும் அதையே தேடுகிறோம். ஆனால் வீட்டோடு சேர்த்துப் பள்ளியையும் கிரயம் பண்ணிக்கொண்டதாக ஒரு நினைப்பு நமக்குள் வந்துவிடுகிறது. அந்த நினைப்பைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. நாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பள்ளி அங்கே இருந்தது. அதை யார் கட்டினார்கள், யார் பணத்தில் கட்டினார்கள், யாரை உள்ளே விடாமல் கட்டினார்கள் என்பது தெரிந்தால் கூட்டத்தில் எழுந்து பேசும்போது நம் குரல் கொஞ்சம் மாறும்.

அமெரிக்காவின் முதல் பொது உயர்நிலைப் பள்ளி பாஸ்டனில் 1821இல் தொடங்கியது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு அது பெரிய ஊர்களின் ஆடம்பரமாகவே இருந்தது. மிச்சிகன் மாநிலத்தில் கலமஸூ என்ற ஊரில் சில சொத்துக்காரர்கள் நீதிமன்றத்துக்கே போனார்கள். ஆரம்பப் பள்ளிக்கு வரி கேட்பது சரி, அதற்கு மேல் படிக்கப் போகும் யாரோ வீட்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் ஏன் அழ வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. உயர்நிலைப் பள்ளிக்கும் ஊர் வரி விதிக்கலாம் என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1874இல் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி தாமஸ் கூலி எழுதிய அந்தத் தீர்ப்பை மற்ற மாநிலங்களும் பிடித்துக்கொண்டன. 'என் காசில் ஊரான் பிள்ளையா?' என்ற கேள்வி, பார்த்தீர்களா, இந்தப் பள்ளிகளின் வயதுதான் அதற்கும்.

அதற்குப் பிறகு நடந்தது உலகத்தில் வேறெங்கும் அந்த வேகத்தில் நடக்காதது. 1910இல் பதினெட்டு வயதினரில் நூற்றுக்கு ஒன்பது பேர்தான் ஹைஸ்கூல் முடித்திருந்தார்கள். 1940க்குள் அது பாதியைத் தொட்டது. வாஷிங்டனிலிருந்து யாரும் ஆணையிட்டு இது நடக்கவில்லை. சோளமும் கோதுமையும் விளைவித்த சின்னச் சின்ன ஊர்கள் கூடி உட்கார்ந்து, தங்கள் மேல் தாங்களே வரி போட்டுக்கொண்டு கட்டிய பள்ளிகள் இவற்றில் ஏராளம்.

இன்று நாம் பார்க்கும் புறநகர் ஹைஸ்கூல் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிள்ளை. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு 1944ஆம் ஆண்டின் ஜிஐ சட்டம் வீட்டுக் கடனை எளிதாக்கியது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில் 1947இல் லெவிட்டவுன் எழுந்தது. நான்கே ஆண்டுகளில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள். அதன் ஆரம்பகாலக் குத்தகைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: காக்கேசியர் அல்லாத யாரும் அந்த வீடுகளில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்களைத் தவிர. நாமும் அந்த 'தவிர'வில்தான் அடங்கியிருப்போம்.

வீடு வந்த இடத்தில் பிள்ளைகள் வந்தார்கள். 1946 முதல் 1964 வரை இந்த நாட்டில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 7.6 கோடி. முதலில் தொடக்கப் பள்ளிகள் நிரம்பி வழிந்தன, பத்து ஆண்டு கழித்து அதே கூட்டம் ஹைஸ்கூல் வாசலுக்கு வந்தது. நம் ஆட்கள் மொய்க்கும் சிலிக்கான் பள்ளத்தாக்கின் பள்ளிகள் திறந்த ஆண்டுகளைப் பாருங்கள்: குப்பர்டினோ 1958, ஹோம்ஸ்டெட் 1962, மிஷன் சான் ஹோசே 1964, லின்ப்ரூக் 1965, மான்டா விஸ்டா 1969. அந்தப் பகுதியெல்லாம் அப்போது பிளம், ஏப்ரிகாட் தோப்புகள். ஒரே தளம், தட்டைக் கூரை, வகுப்பறைக் கதவைத் திறந்தால் நேரே வெளிக்காற்று என்று பல பள்ளிகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பதற்கு அந்த அவசரம் ஒரு காரணம். ஸ்டீவ் வோஸ்னியாக் 1968இலும் ஸ்டீவ் ஜாப்ஸ் 1972இலும் ஹோம்ஸ்டெட்டில் படித்து முடித்தார்கள். அப்போது அது ரேட்டிங் பார்த்துக் குடிவரும் பள்ளி கிடையாது; தோப்பை அழித்துக் கட்டிய இன்னொரு பேட்டைப் பள்ளி.

1957 அக்டோபரில் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்ததும் இங்கே வயிற்றைக் கலக்கியது. அடுத்த ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அறிவியல், கணிதம், அயல்மொழிப் பாடங்களுக்கு மத்திய அரசின் பணம் பாய்ந்தது. ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கானன்ட் 1959இல் ஓர் அறிக்கை தந்தார்: கடைசி வகுப்பில் நூறு பேராவது இல்லாத ஹைஸ்கூலால் எல்லா வகைப் பாடங்களையும் சரிவரத் தர முடியாது, சின்னப் பள்ளிகளை இணையுங்கள் என்று. இணைப்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, அறிக்கை அதற்கு வேகம் கொடுத்தது. 1940இல் சுமார் 1,17,000 ஆக இருந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள், அதாவது தனித்தனிப் பள்ளி நிர்வாகப் பகுதிகள், 1960இல் நாற்பதாயிரம் சொச்சமாகின. இன்று ஏறக்குறைய 13,000. கால்குலஸ், ஆர்க்கெஸ்ட்ரா, கார் பழுது பார்க்கும் பட்டறை, நீச்சல் குளம் எல்லாம் ஒரே வளாகத்துக்குள் கிடைப்பது இப்படி வந்ததுதான். பரத அரங்கேற்றத்துக்கு நாம் வாடகைக்கு எடுக்கும் ஹைஸ்கூல் அரங்கமும் அதில் சேர்த்தி.

யாரை உள்ளே விடவில்லை என்பது இந்தக் கதையின் மறுபக்கம். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் சொன்னது. பத்து இருபது ஆண்டுகளில் வெள்ளையர்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்குப் போனார்கள். எல்லைக் கோடுகளும் கூடவே போயின. டெட்ராய்ட் நகரப் பள்ளிகளையும் சுற்றியிருந்த 53 புறநகர் டிஸ்ட்ரிக்டுகளையும் சேர்த்துப் பிள்ளைகளைக் கலக்கலாம் என்று கீழ் நீதிமன்றம் சொன்னதை, உச்ச நீதிமன்றம் 1974இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. டிஸ்ட்ரிக்ட் எல்லை மதில் ஆனது அன்றைக்குத்தான். அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு வழக்கு, டெக்சாஸின் சான் அன்டோனியோவிலிருந்து வந்தது. மெக்சிகோ வம்சாவளி ஏழைகள் வாழ்ந்த எட்ஜ்வுட் டிஸ்ட்ரிக்டில் வரி விகிதம் அதிகம், ஆனால் உள்ளூர் வரியிலிருந்து ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். பணக்கார ஆலமோ ஹைட்ஸில் வரி விகிதம் குறைவு, கிடைத்தது 333 டாலர். இது அரசியல் சாசனத்துக்கு விரோதமில்லை என்று அங்கேயும் ஐந்துக்கு நான்கு.

நாம் வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த லட்சங்கள் இந்த இரண்டு தீர்ப்புகளின் மேல் நிற்கின்றன. ரியல்டர் இதைச் சொல்ல மாட்டார். ஊரும் சேரியுமாகக் கோடு போட்டுப் பிரித்த மண்ணிலிருந்து வந்த நமக்கு, கோட்டின் நல்ல பக்கத்தில் வீடு வாங்குவது என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதுமில்லை.

இன்னொன்றும் உண்டு. நாம் 'நல்ல ஸ்கூல்' என்று மெச்சுகிற பல வசதிகள் யாரோ தெருவில் இறங்கியும் நீதிமன்றப் படியேறியும் வாங்கித் தந்தவை. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகளுக்குத் தனி உதவி மறுக்கப்பட்டது. 1974இல் லாவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. ஊரிலிருந்து எட்டாம் வகுப்பில் வந்து இறங்கிய நம் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றுத்தரும் இஎஸ்எல் வகுப்பில் உட்கார முடிவது அந்த வழக்கால்தான். நம் பெண்கள் டென்னிஸும் கைப்பந்தும் ஆடிப் பள்ளி ஜாக்கெட் போட்டுக்கொண்டு வருகிறார்கள். 1972இல், பள்ளிகளில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் வரும் முன் நாடு முழுக்க ஹைஸ்கூல் அணிகளில் ஆடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு, இன்று முப்பது லட்சத்துக்கும் மேல். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஐஇபி என்ற தனிக் கல்வித் திட்டம் எழுதப் பள்ளி நம்மைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிறதே, அது 1975 சட்டத்தின் பயன். அதற்கு முன் அப்படிப்பட்ட பிள்ளைகளை 'வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்' என்று பள்ளிகள் திருப்பி அனுப்பலாம்.

ரேட்டிங்கில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்தான் அதற்கு அடிப்படை. மதிப்பெண்ணோ குடும்ப வருமானத்தோடும் பெற்றோர் படிப்போடும் ஒட்டிக்கொண்டே போகும். நம் பிள்ளைகள் சனி ஞாயிறு டியூஷன் போய் வாங்கும் மதிப்பெண் பள்ளியின் பெருமையாகக் கணக்கில் ஏறுகிறது. அந்தப் பெருமை வீட்டு விலையாகி அடுத்து வரும் நம் ஆட்களிடம் விற்பனையாகிறது. நல்ல வியாபாரம்தான்.

இனி பணம். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் சொத்து வரி ரசீதை ஒரு தடவை முழுசாகப் படித்துப் பாருங்கள். மேலே அடிப்படை ஒரு சதவீதம் இருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் வரிசையாக டிஸ்ட்ரிக்ட் பெயரும் பாண்ட் (பள்ளி கட்ட வாங்கிச் சொத்து வரியில் அடைக்கும் கடன்) விவரமும் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே சில பத்து அல்லது சில நூறு டாலர். அந்த ஒவ்வொரு வரியும் ஒரு தேர்தல். 1978இல் ப்ரொபோசிஷன் 13 என்ற மக்கள் வாக்கெடுப்புச் சட்டம் வந்து சொத்து வரியைப் பூட்டியது. பள்ளிக் கட்டட பாண்டுக்கோ மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டியிருந்தது. 2000இல்தான் அதை 55 சதவீதத்துக்கு இறக்கினார்கள். நம் பிள்ளை படிக்கும் புது சயின்ஸ் பிளாக்குக்கு 'ஆம்' என்று குத்தியவர்களில் பிள்ளைகளை எப்போதோ படிக்க வைத்து முடித்த கிழவர்களும் பிள்ளையே இல்லாதவர்களும் உண்டு. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர், நாம் தலையாட்டிவிட்டுக் கடந்துபோகிறோமே, அவரும் கட்டுகிறார்.

வளர்ச்சி என்றால் என்ன என்பதை டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் பார்க்கலாம். 1990இல் அங்கே ஆறாயிரம் சொச்சம் பேர். 2020 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் தாண்டிவிட்டது. ஒரே ஹைஸ்கூலோடு இருந்த ஊரில் இரண்டாவது 2003இல் வந்தது. 2022இல் பன்னிரண்டாவது திறந்தது. ஒரு பள்ளியைப் பூதமாக வளர்க்காமல் இரண்டாயிரம் பேர் அளவில் நிறுத்தி அடுத்ததைக் கட்டுவது அவர்கள் கொள்கை. பக்கத்துப் பிளேனோ நேர் எதிர்வழி போனது: ஒன்பதும் பத்தும் ஓரிடம், பதினொன்றும் பன்னிரண்டும் பெரிய சீனியர் ஹையில். சிகாகோவுக்கு மேற்கே இந்தியன் பிரெய்ரி டிஸ்ட்ரிக்டில் வாபன்ஸி வேலி 1975, நியூகுவா வேலி 1997, மெட்டியா வேலி 2009. ஒவ்வொன்றும் சோளக் காட்டை விழுங்கிய வீட்டு மனைகளைத் துரத்திக்கொண்டு வந்தது.

அந்த வளர்ச்சியைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அழகாக இருக்காது. டென்னிஸ் கோர்ட்டுக்குப் பின்னால் முதலில் இரண்டு போர்ட்டபிள் வகுப்பறைகள் வந்து இறங்கும், தற்காலிகம் என்பார்கள். மரச் சரிவுப் பாதை, ஜன்னலில் தொங்கும் ஏசி, மழை பெய்தால் கூரையில் பேசவிடாத சத்தம். பிறகு இரண்டு எட்டாகும். கேன்டீனில் இடம் போதாமல் சாப்பாட்டு வேளையை மூன்றாக உடைப்பார்கள். முதல் பந்திக்காரன் காலை பத்தரைக்கே மதிய உணவைத் தின்றுவிட்டு மூன்று மணிக்குப் பசியோடு வீடு வருவான். பதினோராம் வகுப்புக்குப் பார்க்கிங் இல்லை என்பார்கள். கடைசியில் வரைபடத்தை விரித்து எல்லைக் கூட்டம் போடுவார்கள். நாம் அப்போதுதான் முதல்முறையாகப் பள்ளி நூலகத்துக்குள் நுழைகிறோம், கையில் அட்டையோடு.

ஃப்ரீமாண்டில் 2000இல் நடந்ததை அங்கே பழையவர்கள் இன்னும் சொல்வார்கள். மிஷன் சான் ஹோசேக்குப் போகவிருந்த வைபல் தொடக்கப் பள்ளிப் பகுதிப் பிள்ளைகளை எர்விங்டன் ஹைஸ்கூலுக்கு மாற்ற போர்டு முடிவெடுத்தது. பெற்றோர்கள் வழக்குக்குப் போனார்கள், தனி டிஸ்ட்ரிக்டாகப் பிரிந்துவிடுவோம் என்றும் கிளம்பினார்கள். ஆசியக் குடும்பங்கள்தான் முன்னணியில். பிரிவினை நடக்கவில்லை. இன்று எர்விங்டனும் நம் ஆட்கள் விசாரித்து வீடு வாங்கும் பள்ளி.

வளர்வது போலவே இந்தப் பள்ளிகள் சுருங்கவும் செய்யும், நாம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. பேபி பூம் அலை வடிந்ததும் சன்னிவேல் ஹைஸ்கூலை 1981இல் மூடினார்கள். இப்போது மறுபடியும் வடிகிறது. பிளேனோ டிஸ்ட்ரிக்ட் நான்கு பள்ளிகளை மூட 2024இல் முடிவெடுத்தது. குப்பர்டினோவில் தொடக்கப் பள்ளிகளையே மூட வேண்டி வந்தது. பிறப்பு விகிதம் குறைவது ஒரு காரணம். மற்றது நாமேதான். பள்ளிக்காக வீட்டு விலையை ஏற்றினோம். ஏறிய விலையில் சின்னப் பிள்ளைகள் உள்ள இளம் குடும்பம் உள்ளே வர முடியாது. நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகும் நான்கு படுக்கையறை வீட்டில் நாம் இருவராக இருப்போம். பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்றால், 'ஸ்கூல் தாங்காது' என்று நாமே முதலில் மனு எழுதுகிறோம். ஆள் குறைந்து வகுப்பைக் கலைக்கும் டிஸ்ட்ரிக்டில்கூட இந்த மனுவில் ஒரு சொல் மாறுவதில்லை. எனக்கு உண்மையிலேயே எரிச்சலூட்டுவது இதுதான்.

ஃபிரிஸ்கோவில் 2024 நவம்பரில் பள்ளி பாண்ட் முன்மொழிவுகள் எல்லாமே தோற்றன. டெக்சாஸில் வரி மேல் கோபம் வர நியாயங்களும் உண்டு. பணக்கார டிஸ்ட்ரிக்டுகளின் வரியில் ஒரு பங்கை மாநிலம் எடுத்துக்கொள்ளும் முறை 1993லிருந்து இருக்கிறது. திட்டத்தைப் படித்துப் பார்த்து 'வேண்டாம்' என்று குத்துவது உங்கள் உரிமை, அதில் எனக்குச் சண்டை இல்லை. 'என் பையன் போன வருஷமே முடிச்சிட்டான், இனி எனக்கென்ன' என்று பேசுவதுதான் சகிக்கவில்லை. கலமஸூ சொத்துக்காரர்களாவது வழக்குப் போட்டுத் தோற்றார்கள்.

எல்லைக் கூட்டத்துக்கு வாருங்கள் என்றுதான் நானும் கேட்கிறேன். வருமுன் டிஸ்ட்ரிக்ட் வெளியிட்ட மாணவர் எண்ணிக்கைக் கணிப்பைப் பாருங்கள், எந்தப் பள்ளியில் இடம் காலி, எதில் போர்ட்டபிள் என்று அதில் இருக்கும். 'அந்த ஸ்கூலை' ஒரு நாள் போய் நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே கல்லூரித் தரத்துப் பிசிக்ஸ் ஏபி வகுப்பு இல்லையென்றால், அதைக் கொண்டுவா என்று கேளுங்கள். கோட்டை நகர்த்தாதே என்பதைவிடக் கேட்கத் தகுந்த கோரிக்கை அது. எழுந்து பேசும்போது 'நாங்கள் இந்தப் பள்ளிக்காகத்தான் வீடு வாங்கினோம்' என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் வீட்டுக்குக் காசு கொடுத்தவர்கள்தான், அல்லது மாதா மாதம் வாடகை கொடுப்பவர்கள்.

கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள் 'எங்களுக்குத்தான் ஓட்டில்லையே' என்று ஒதுங்குகிறார்கள். போர்டு கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை, விசாவை யாரும் கேட்க மாட்டார்கள். ஓட்டுள்ளவர்கள் அதிபர் பெயரைக் குத்திவிட்டு வாக்குச் சீட்டின் மறுபக்கத்தைத் திருப்பாமல் விடுவதை நிறுத்தினால் போதும். போர்டு உறுப்பினர் பெயர்கள் அங்கேதான் இருக்கும், சில நூறு ஓட்டில் ஜெயிக்கவோ தோற்கவோ செய்கிறவர்கள்.

கலிஃபோர்னியாவில் வழக்கமான போர்டு கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும் என்பது சட்டம். மற்ற மாநிலங்களிலும் இதுபோல் ஏதாவது ஒரு கெடு உண்டு. நிரலில் பொதுமக்கள் பேசும் நேரம் என்று ஒரு பகுதி இருக்கும். பேச விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பெயரைக் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளை படித்து முடித்த பிறகும் அந்த பாண்டைக் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தமிழ்ப் பெற்றோர்